சோழவரத்துக் கார்களைச் செய்தவர்கள் யார்?

சென்ற மழைக்காலத்துக்கு முன்பு, தாராவியில் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது பெரியப்பாவின் தகரப்பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. கதவுகள் கழற்றப்பட்டு, கூரை அறுக்கப்பட்டு, தரையோடு தரையாகத் தாழ்ந்த ஒரு கார். அதன் முன்னே தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி ஓர் இளைஞர் சிரிக்கிறார். காருக்குப் பின்னே எண்ணெய்க் கறை படிந்த சட்டைகளில் நால்வர். இடப்பக்கம் கடைசியில், கையில் ஸ்பானருடன் நிற்பவர் பெரியப்பா. படத்தின் பின்புறம் இரண்டே விவரங்கள் எழுதப்பட்டிருந்தன. ஒன்று, சோழவரம் என்னும் ஊர்ப்பெயர். மற்றொன்று, காரோட்டியின் பெயர். பின்னால் நின்ற நால்வரின் பெயர்கள் இல்லை.

பெரியப்பா 1950களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். முதலில் தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்தார்; பிறகு மித்தி ஆற்றின் மறுகரையில், குர்லாவில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் போனார். அப்பட்டறையிலிருந்து சில ஆண்டுகள் சோழவரத்துக்குக் கார் கொண்டுபோனார்கள். லாரியில் காரை ஏற்றி, அதன் அருகிலேயே படுத்துறங்கி, மூன்று நாள் பயணம் செய்த கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். "எஞ்சினக் காதால பாக்கணும்லே, கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது" என்பார். நாங்கள் அதையெல்லாம் பொழுதுபோக்குக் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். தொழிலாளர் வரலாற்றை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்ட பின்னர்தான், அக்கதைகளுக்குள் எழுதப்படாத ஒரு வரலாறு இருப்பது எனக்குப் புலப்பட்டது.

இந்தியக் கார்ப்பந்தயம் பற்றி எழுதப்பட்டவற்றில் காரோட்டிகள், கார் உரிமையாளர்கள், கழகத் தலைவர்கள், கோப்பை வழங்கிய பிரமுகர்கள் ஆகியோர் பெயர்கள் வருகின்றன. காரைச் செய்த கைகளுக்கு உரியவர் பெயர் அரிதாகவே வருகிறது. ஆனால் சுமார் 35 ஆண்டுக்காலம் சோழவரத்தில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை பட்டறைகளின் பின்கட்டிலும் வீட்டுக் கொல்லையிலும் ஆக்கப்பட்டவை. அந்த ஆக்கம் ஏன் நிகழ்ந்தது, எப்படி நிகழ்ந்தது, அதைச் செய்தவர்கள் ஏன் மறக்கப்பட்டார்கள் என்பவற்றை ஆராய்வதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் களத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கிராமம் சோழவரம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியால் பலரும் அறிந்த ஊர். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிய ஆங்கிலேய அரசு, தமிழ்நாட்டின் பல இடங்களில் அவசர அவசரமாக விமான ஓடுதளங்களை அமைத்தது. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய இடங்களில் இன்றும் அவற்றின் எச்சங்களைக் காணலாம். சோழவரத்து ஓடுதளமும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, வயல்களுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு அகன்ற ஒரு தளம் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது.

உலகின் வேறு பகுதிகளிலும் இதுவே நடந்தது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்னும் சிற்றூரை ஒட்டிய குண்டுவீச்சு விமானப்படைத் தளத்தில் 1947-இல் நண்பர்கள் சிலர் அனுமதி ஏதுமின்றித் தங்கள் கார்களை ஓட்டிப் பந்தயம் வைத்துக்கொண்டனர். தளத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று குறுக்கே வந்து ஒரு காரில் அடிபட்டு மாண்டது. அதனால் அப்பந்தயத்துக்கு 'ஆட்டிறைச்சிக் கிராண்ட் பிரீ' என்று கேலிப்பெயர் நிலைத்தது. மறு ஆண்டே அங்கு முறையான கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. இன்று உலகப் புகழ்பெற்ற பந்தயக்களங்களுள் ஒன்றான சில்வர்ஸ்டோனின் தொடக்கம் இதுதான். போர் விட்டுச்சென்ற தளம், பணத்தட்டுப்பாடு, கைவேலை தெரிந்த இளைஞர்கள் ஆகிய மூன்றும் கூடிய இடங்களில் இவ்விளையாட்டு முளைத்தது. இந்தியாவில் பம்பாயின் ஜுஹு, கல்கத்தாவை அடுத்த பாரக்பூர் ஆகிய விமானத்தளங்களிலும் கார்கள் ஓடின. ஆயினும் சோழவரமே நீண்ட காலம் நிலைத்தது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டதும் அங்கே பந்தயங்கள் ஆண்டு நிகழ்வாயின.

அந்த 1953-ஆம் ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் கொள்ளவேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-இல் பம்பாயின் சிவ்ரியில் ஆலை அமைத்து, வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டிக் கார்களாக விற்றுவந்தது. ஃபோர்டு நிறுவனமும் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில் இத்தகைய கூடங்களை வைத்திருந்தது. விடுதலைக்குப் பின் அரசு முதலில் முழுமையாகக் கட்டப்பட்ட கார்களின் இறக்குமதியைத் தடுத்தது. பிறகு 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, உள்நாட்டிலேயே பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் உடையவர்கள் மட்டுமே தொழிலைத் தொடரலாம் என்று அறிவித்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு இந்தியரின் கார் என்றால் மூன்றே வகை: கல்கத்தா அருகே உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசடர், பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

ஆக, பந்தயக் கழகம் பிறந்த அதே ஆண்டில் பந்தயக் கார் வாங்குவதற்கான வழி அடைபட்டது. போருக்கு முந்திய வெளிநாட்டுக் கார்கள் சில, சமஸ்தான அரண்மனைகளிலிருந்தும் செல்வர் இல்லங்களிலிருந்தும் வந்து ஓடியதுண்டு. அவற்றுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. எஞ்சியோருக்கு இருந்த ஒரே வழி, வீட்டில் நிற்கும் குடும்பக் காரையே பந்தயக் காராக்குவது.

இங்கே தாராவிக்காரனாகிய நான் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். மேற்சொன்ன மூன்று கார்களுள் எடை குறைந்த காரும் சுறுசுறுப்பான எஞ்சினும் வேண்டியவர்கள் ஃபியட்டையோ ஹெரால்டையோ நாடினர். ஃபியட்டின் எஞ்சின் 1,089 சிசி. ஹெரால்டின் எஞ்சின் 948 சிசி. அம்பாசடரின் எஞ்சின் 1,489 சிசி ஆயினும் காரோ கனமானது. ஃபியட்டைச் செய்தது வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். அதன் ஆலை இருந்தது குர்லாவில். தாராவியின் வடக்கு எல்லையான மித்தி ஆற்றைக் கடந்தால் குர்லா. அவ்வாலையைச் சுற்றிப் பட்டறைகளும் லேத் கூடங்களும் பழைய பாகக் கடைகளும் பெருகின. எங்கள் பகுதியைச் சேர்ந்த தமிழர் பலர் அங்கே தொழில் கற்றனர். சோழவரத்தில் ஓடிய ஃபியட் எஞ்சின்கள் எல்லாம் ஒருகாலத்தில் எங்கள் வீட்டுக்கு ஆற்றுக்கு அப்பால் வார்க்கப்பட்டும் கடையப்பட்டும் வந்தவைதாம்.

குடும்பக் கார் எவ்வாறு பந்தயக் கார் ஆகிறது? பெரியப்பா சொன்னதையும், அக்காலத்துப் பட்டறைத் தொழிலாளர் சிலரிடம் பின்னாளில் கேட்டறிந்ததையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன். முதல் வேலை எடையைக் குறைப்பது. பின் இருக்கைகள், கதவின் உட்பலகைகள், கண்ணாடிகள், கம்பளம், ஹீட்டர், பம்பர் எல்லாம் கழற்றப்படும். அடுத்து ஸ்பிரிங்குகளைக் குட்டையாக்கிக் காரைத் தாழ்த்துவார்கள். திருப்பத்தில் கார் சாய்வது குறையும். பிறகு எஞ்சினில் கைவைப்பார்கள். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால், எரிவாயு அழுத்தப்படும் இடம் சுருங்கி அழுத்த விகிதம் உயரும். அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் விசை கிடைக்கும். அளவுக்கு மீறிச் சீவினால் அக்காலத்துத் தரம் தாழ்ந்த பெட்ரோலில் எஞ்சின் 'நாக்' அடித்துப் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். ஆகவே எவ்வளவு சீவலாம் என்பதை ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனியே முடிவு செய்யவேண்டும்.

காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழிகளையும் புகை வெளியேறும் வழிகளையும் அரத்தாலும் எமரித் தாளாலும் நாள்கணக்கில் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குவார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்துவார்கள். அதற்கான மேனிஃபோல்டு கடையில் கிடைக்காது, வார்ப்படத்தில் சொல்லிச் செய்யவேண்டும் அல்லது குழாயை வெட்டிப் பற்றவைக்கவேண்டும். வால்வுகள் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிக்கக் கேம் ஷாஃப்டின் மேடுகளை மறுபடி அரைப்பார்கள். கார் கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காதிருக்க எஃகுக் குழாய்க்கூண்டு ஒன்றை உள்ளே பற்றவைப்பார்கள். இவ்வளவும் பகல் வேலை முடிந்தபின், வாடிக்கையாளர்களின் கார்கள் வெளியே போனபின், இரவில் நடக்கும். அளவுகள் பெரும்பாலும் தாளில் எழுதப்படவில்லை. ஃபீலர் கேஜைச் செருகும் விரலிலும், எஞ்சின் ஓசையைக் கேட்கும் காதிலும் அவை இருந்தன.

இத்தகைய வேலையைக் குறிக்க இன்று 'ஜுகாட்' என்னும் இந்திச் சொல்லைப் பெருமையாகப் பயன்படுத்துகிறார்கள். இருப்பதை வைத்து எப்படியோ ஒப்பேற்றிவிடும் இந்தியத் திறமை என்பது அதன் பொருள். சோழவரத்துக் கார்களுக்கு அச்சொல் பொருந்தாது என்பது என் கருத்து. ஒப்பேற்றிய எஞ்சின் தெருவில் ஓடலாம். நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் பந்தயம் முழுதும் ஓடித் தாக்குப்பிடிக்காது. ஆயிரத்தில் ஓரிரு பங்கு அங்குலம் பிசகினாலும் பேரிங் உருகும். அது கணக்கறிந்த தொழில். கணக்கு வாய்மொழியாக இருந்ததால் அதனை ஒப்பேற்றல் என்று கருதிவிட்டோம்.

வெளிநாட்டிலும் கார்கள் கொல்லைப்புறத்தில்தான் பிறந்தன. 1946-இல் லண்டனை அடுத்த சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் இரண்டு பழைய ஃபியட் கார்களின் முன்பகுதிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்துச் சிறு பந்தயக் கார் ஒன்றைக் கட்டினர். அவர்கள் பட்டறையில் பிறந்த கார்களை ஓட்டித்தான் 1959-இலும் 1960-இலும் ஜாக் பிரபாம் உலகச் சாம்பியன் ஆனார். எஞ்சினைப் பின்னால் வைக்கும் அமைப்பு அதன்பின் உலக வழக்காயிற்று. 1948-இல் காலின் சாப்மன் தம் காதலியின் வீட்டுக்குப் பின்னிருந்த கொட்டகையில் பழைய ஆஸ்டின் காரைப் பிரித்துக் கட்டியதே முதல் லோட்டஸ். அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்களில், மதுவிலக்குக் காலந்தொட்டுக் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் காவலரிடமிருந்து தப்பத் தங்கள் கார்களின் எஞ்சினை மேம்படுத்தினர். ஓய்வுநாளில் அவர்களே உழவு நிலத்து மண்தரையில் பந்தயம் விட்டனர். அம்மரபே 1948-இல் நாஸ்கார் என்னும் அமைப்பாக உருக்கொண்டது. அந்தப் பெயரைச் சூட்டியவர் அட்லாண்டா நகரத்து மெக்கானிக் ரெட் வோக்ட். கடத்துவோருக்கும் கார் செய்து கொடுத்தார், துரத்தும் காவலருக்கும் செய்து கொடுத்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி.

நான் சுட்ட விரும்புவது இதுவே: அங்கே செய்தவரும் ஓட்டியவரும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர், சில வேளை ஒரே ஆள். ஆகவே செய்தவர் பெயர் காரின் மூக்கிலேயே எழுதப்பட்டது. இங்கே ஓட்டியவர் ஒரு வர்க்கம். செய்தவர் வேறு வர்க்கம், பெரும்பாலும் வேறு சாதி. கார் வைத்திருப்பதே பெருஞ்செல்வம் என்றிருந்த நாட்டில் காரோட்டிகள் ஆலை அதிபர் குடும்பங்களிலிருந்தும் தோட்ட முதலாளிகளிடமிருந்தும் பழைய சமஸ்தானக் குடும்பங்களிலிருந்தும் வந்தனர். 1980களின் தொடக்கத்தில் மது ஆலை அதிபர் விஜய் மல்லையா, என்சைன் என்னும் அசல் ஃபார்முலா ஒன் காரையே இறக்குமதி செய்து சோழவரத்தில் ஓட்டினார். அதே தளத்தில் பட்டறைகளில் கட்டிய கார்களும் ஓடின. பல்லாயிரம் மக்கள் வெயிலில் நின்று இரண்டையும் பார்த்தனர். கூட்டத்தில் நின்றவர்களுள் பெரும்பாலோர் கார் ஓட்டி அறியாதவர்கள். ஆனால் அவர்களுள் கார் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

இவ்வரலாற்றில் கோயம்புத்தூருக்குத் தனியிடம் உண்டு. அவ்வூரின் இயல்பே அதற்குக் காரணம். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் அங்கே பஞ்சாலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களுக்கான பாகங்களைச் செய்யவும் பழுது பார்க்கவும் வார்ப்படக் கூடங்களும் லேத் பட்டறைகளும் வீதிதோறும் தோன்றின. பிறகு அவையே கிணற்று மோட்டார்களையும் பம்புகளையும் செய்தன. பேருந்துத் தொழிலில் தொடங்கிக் கருவிகள் பல ஆக்கிய ஜி.டி. நாயுடுவின் ஊர் அது. இதற்கெல்லாம் முன்பே, கொங்கு நாட்டுக் கிராமங்களில் ரேக்ளாப் பந்தயம் இருந்தது. 200 மீட்டர், 300 மீட்டர் தொலைவைக் காளைகள் நொடிகளில் கடக்கும் அப்பந்தயத்துக்கு, முறியாத வலுவும் இறகுபோன்ற எடையும் கொண்ட வண்டியை ஊர்த் தச்சர்களும் கொல்லர்களும் செய்து தந்தனர். வலுவைக் குறைக்காமல் எடையைக் குறைப்பதே பந்தய வண்டிக்கலையின் சாரம். மாடு பூட்டினாலும் எஞ்சின் பூட்டினாலும் அது மாறுவதில்லை. ரேக்ளாவிலும் காளையின் பெயரும் உரிமையாளரின் பெயரும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும்; வண்டி செய்தவரின் பெயரை யாரும் அறிவிப்பதில்லை.

இந்த மண்ணில் தோன்றியவர் எஸ். கரிவரதன். 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி ஆலையின் குடும்பத்தவர், 1954-இல் பிறந்தவர். எல்லோருக்கும் அவர் 'கரி'. செல்வக் குடும்பத்தவராயினும் காரை ஓட்டுவதோடு நில்லாமல் செய்வதிலும் இறங்கினார் என்பதே அவருடைய சிறப்பு. அவர் செய்த பெருஞ்செயலைப் புரிந்துகொள்ளச் சற்றுத் தொழில்நுட்பம் தேவை.

அம்பாசடரிலும் ஃபியட்டிலும் எஞ்சின் முன்னே இருக்கும். விசை நீண்ட தண்டு வழியாகப் பின்சக்கரங்களுக்குப் போகும். அந்த அமைப்பை வைத்துத் தாழ்வான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டுவது கடினம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் 796 சிசி எஞ்சினும் கியர்பெட்டியும் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத்தரும் டிஃபரன்ஷியலும் ஒரே கட்டாக, குறுக்குவாட்டில், முன்சக்கரங்களுக்கு இடையே அமைந்திருந்தன. அந்தக் கட்டை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்தால், முன்சக்கரத்தை இழுத்த எஞ்சின் இப்போது பின்சக்கரத்தைத் தள்ளும். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய கூடு, கண்ணாடி இழையில் வார்த்த மேலுடல், மாருதியின் எஞ்சின் என்று கரி வடிவமைத்த ஒற்றை இருக்கைக் கார் 1988-இல் களத்துக்கு வந்தது. 'ஃபார்முலா மாருதி' என்று அதனை அழைத்தார்கள். நாட்டின் எந்த ஊரிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே வகைக் கார். ஆகவே வெற்றி பணத்தைவிடத் திறமையைச் சார்ந்தது. இறக்குமதி செய்ய வசதியில்லாத இளைஞர்களுக்கு அது வாசலைத் திறந்தது.

1990-இல் சென்னைப் பந்தயங்கள் சோழவரத்தை விட்டு, கழகமே இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய 3.7 கிலோமீட்டர் நிரந்தரக் களத்துக்கு மாறின. இந்தியாவில் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் களம் அது. கரி 1995 ஆகஸ்டில் சிறு விமான விபத்தொன்றில் உயிரிழந்தார், வயது 41. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் பின்னர் அமைந்த களத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இன்றுவரை ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய இந்தியர் இருவரே. 2005-இல் நரேன் கார்த்திகேயன், 2010-இல் கருண் சந்தோக். முன்னவர் கோயம்புத்தூர்க்காரர், பின்னவர் சென்னைக்காரர், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியோருள் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரர். இருவரும் இத்தமிழ்நாட்டுப் பட்டறை மரபின் மேல் நின்று எழுந்தவர்கள் என்பது தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

கரியைப் போற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அக்கூடுகளின் குழாய்களை வளைத்தவர் யார்? பற்றவைத்தவர் யார்? கண்ணாடி இழையின் நெடியைச் சுவாசித்தபடி அச்சில் வார்த்தவர் யார்? ஒரு கார் ஒருவர் கையால் ஆவதில்லை. கரியின் பெயரில் களம் இருப்பது நியாயம். அவரோடு நின்றவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றாவது எங்கேனும் இருப்பதும் நியாயம்தானே?

1991-க்குப் பின் இறக்குமதி எளிதாயிற்று. இப்போது பெரும் பந்தயங்களில் ஓடும் கார்கள் பல வெளிநாட்டில் கட்டப்பட்டுப் பெட்டிகளில் வருகின்றன. 2011 அக்டோபரில் தில்லியை அடுத்த புத்தா களத்தில் இந்தியக் கிராண்ட் பிரீ நடந்தது. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் தெருப்பந்தயம் நடந்தது. வளர்ச்சியை நான் குறை கூறவில்லை. கொல்லைப்புற மரபு முற்றிலும் அற்றுப்போகவும் இல்லை. 'ஃபார்முலா பாரத்' என்னும் போட்டிக்காகப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே கார் கட்டிக்கொண்டு அண்மை ஆண்டுகளில் செட்டிப்பாளையத்துக்கு வருகிறார்கள். அங்கே செய்பவரும் ஓட்டுபவரும் ஒரே குழுவினர் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அம்மாணவர்களும் இறுதியில் ஏதாவதொரு லேத் பட்டறை வாசலில் போய் நின்று, "அண்ணே, இதக் கொஞ்சம் கடஞ்சு தாங்க" என்று கேட்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

இனித் தாராவிக்குத் திரும்புகிறேன். சிறுவயதில் நாங்களும் கார்ப்பந்தயம் விட்டிருக்கிறோம். பங்கார் கடையில் தேய்ந்த பேரிங்குகளை எடைக்கு வாங்கி, பொதிப்பெட்டிப் பலகையில் நான்கு மூலைக்கும் பூட்டி, முன் அச்சில் கயிறு கட்டித் திருப்பும் வண்டி. சயான் கோட்டைக் குன்றின் சரிவில் அது எழுப்பும் கரகரப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது. பேரிங்கைக் கையில் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டு, "இது வேண்டாம், உருண்டை உடஞ்சிருக்கு" என்று பெரியப்பா ஒதுக்குவார். எங்கள் வண்டி பெரும்பாலும் முதலில் வந்ததற்கு அந்தக் காதே காரணம். வண்டியின் மேல் உட்கார்ந்தவன் நான் என்பதால் பெயர் எனக்கு வந்தது.

குர்லா ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே பிறந்த பத்மினியின் கடைசி டாக்சியும் 2023 அக்டோபரோடு மும்பைச் சாலையிலிருந்து விலகிவிட்டது. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022-இல் அதானி குழுமம் தேர்வாகி, 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பும் தொடங்கியது. கதவுகளில் எண்கள் எழுதப்படுகின்றன; சதுர அடி அளக்கப்படுகிறது; எந்த ஆண்டிலிருந்து குடியிருக்கிறீர்கள் என்று கேட்கப்படுகிறது. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்கும் கட்டம் எதுவும் நான் பார்த்த படிவத்தில் இல்லை. நல்ல வீடு வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு தெருவில் லேத்தும் வெல்டிங்கும் வார்ப்படமும் பங்கார் கடையும் அடுத்தடுத்து இருப்பதால்தான் ஒரு பாகம் காலையில் நினைக்கப்பட்டு மாலையில் கையில் கிடைக்கிறது. அந்த அடுத்தடுத்த தன்மையைப் பிரித்து வெவ்வேறு மூலையில் வைத்தால், தொழிலாளர் இருப்பார்கள், தொழில் இருக்காது. சோழவரத்துக் கார்களைச் சாத்தியமாக்கியது அத்தகைய தெருக்களே. பெயர்கள் எழுதப்படாமற்போனதை ஒருமுறை பொறுத்துக்கொண்டோம். இடமும் எழுதப்படாமற்போகுமானால் மீட்க ஏதுமிராது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையோ சிற்றப்பாவோ தாத்தாவோ 1953 முதல் 1989 வரை சோழவரத்துக்குக் கார் கொண்டுபோன பட்டறைகளில் வேலை செய்திருந்தால், அல்லது கோயம்புத்தூரில் பந்தயக் கார் கட்டிய கூடங்களில் இருந்திருந்தால், எனக்கு எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். இயன்றால் படத்தில் இருப்பவர்களை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, இடமிருந்து வலமாக எல்லாப் பெயர்களையும் எழுதிவிடுங்கள். எங்கள் படத்தில் நிற்கும் நால்வருள் பெரியப்பாவை மட்டுமே என்னால் அடையாளம் காண முடிந்தது. மற்ற மூவரையும் தெரிந்தவர் யாரேனும் இதை வாசித்துக்கொண்டிருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.